பூங்காவுக்கு எத்தனை ஆள்? நிலை ஆள், சுற்றுக் குழு, ஒப்பந்தம், தத்தெடுப்பு: ஓர் ஒப்பீடு

மே மாதத்தில் ஒரு ஏக்கர் பூங்காவின் தோட்டக்காரர் காலை ஆறு மணிக்கு ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்தால், பதினொன்று தாண்டித்தான் கீழே வைக்க முடியும். 1,200 சதுர மீட்டர் புல்தரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆகப் புல்லுக்கு மட்டும் 6,000 லிட்டர். 600 சதுர மீட்டர் செடிப் பாத்திகளுக்கு 1,800 லிட்டர். மொத்தம் 7,800. முக்கால் இஞ்சு ஹோஸில் நிமிடத்துக்கு 25 லிட்டர் வந்தால் (பல இடங்களில் அவ்வளவும் வராது) 312 நிமிடம், அதாவது ஐந்தேகால் மணி நேரம். நடைபாதையைப் பெருக்கிக் குப்பை அள்ள ஒன்றரை மணி. அன்றைய வேலை நேரம் முடிந்தது. "களை ஏன் எடுக்கவில்லை?" என்று மேற்பார்வையாளர் கேட்டால், அந்த ஆளிடம் சொல்லப் பதில் இருக்காது. பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

பூங்காப் பராமரிப்பு பற்றிய விவாதம் நம் நகராட்சிகளில் பெரும்பாலும் "நிரந்தர ஆளா, ஒப்பந்த ஆளா" என்றே தொடங்குகிறது. அது இரண்டாவது கேள்வி. என்ன வேலை, எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் என்பது முதல் கேள்வி. அதற்கு விடை இல்லாமல் எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: கோடையில் காய்ந்த புல், மழைக்காலத்தில் முழங்கால் உயரக் கோரை.

சிறு பூங்காக்களின் சிக்கல்

தமிழ்நாட்டு வளர்ச்சி விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிச்சப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவோ அதன் மதிப்பாகவோ தரலாம். அப்படி வரும் நிலத்தின் அளவைப் பாருங்கள். சாலை போக 10,000 சதுர மீட்டர் என்றால் 1,000, அதாவது கால் ஏக்கர், நாலரை கிரவுண்டு. சென்னை மாநகராட்சியில் மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றில் அண்ணா நகர் டவர் பூங்கா போன்றவை சில. தெருமுனைப் பூங்காக்கள் பல.

"ஏக்கருக்கு ஓர் ஆள்" என்ற பழைய அளவுகோல் இதனால்தான் பொருந்துவதில்லை. கால் ஏக்கர் பூங்காவில் புல் கால் பங்குதான். ஆனால் பெருக்கும் வேலை கால் பங்காகக் குறையாது. கேட்டைத் திறக்க வேண்டும், குப்பைத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், பெஞ்சைத் துடைக்க வேண்டும். "பூங்காவுக்கு ஓர் ஆள்" என்பதும் சரிவராது. சின்னப் பூங்காவில் ஆள் சும்மா இருப்பார், பெரிய பூங்காவில் ஒருவர் மூச்சுத் திணறுவார்.

ஆள்-மணிக் கணக்கு

ஒரு பணியாளர் ஆண்டில் எத்தனை மணி நேரம் கிடைப்பார்? 365 நாளில் வார ஓய்வு 52, தேசிய மற்றும் பண்டிகை விடுமுறை 9, சொந்த விடுப்பும் உடம்பு சரியில்லாததும் சேர்த்து 15 என்று வைத்தால் மிச்சம் 289 நாள். எட்டு மணி நேர வேலையில் வருகைப் பதிவு, கருவி எடுத்து வைப்பது, சாப்பாடு, டீ போக உண்மையான வேலை ஆறரை மணி. 289-ஐ 6.5-ஆல் பெருக்கினால் சுமார் 1,880 மணி. ஓர் இடத்தில் வருடம் முழுக்க தினமும் ஆள் நிற்க வேண்டுமென்றால் ஓர் ஆள் போதாது, 365-ஐ 289-ஆல் வகுத்தால் வரும் 1.26 ஆள் வேண்டும். டெண்டர் மதிப்பீடுகளில் அடிக்கடி விட்டுப்போகும் எண் இது. விட்டுப்போனால் ஒன்று ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஆளே இருக்காது, இல்லையேல் யாரோ ஒருவர் வார ஓய்வு இல்லாமல் உழைத்துக்கொண்டிருப்பார்.

இனி வேலை. மேலே சொன்ன அதே ஒரு ஏக்கர் பூங்கா: 300 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகல நடைபாதை, 200 மீட்டர் வேலிச்செடி, ஒரு விளையாட்டுத் திடல், திறந்தவெளி ஜிம். கீழே உள்ளவை தொடக்க மதிப்புகள். உங்கள் ஊரில் கடிகாரம் பிடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விடுதல் (ஹோஸ்): 150 கோடை நாள் 5.2 மணி, 100 நாள் அதில் பாதி – 1,040 மணி
பெருக்குதல், குப்பை: தினம் 1.5 மணி – 550
புல் வெட்டுதல், ஓரம் சீர் செய்தல்: 4.5 மணி வீதம் ஆண்டுக்கு 18 முறை – 80
களை: பாத்தியில் 10 சுற்று, புல்தரைக் கோரை 6 சுற்று – 260
வேலிச்செடி கத்தரிப்பு: 10 மணி வீதம் 9 முறை – 90
மண் கொத்துதல், எரு, புதுச்செடி – 100
ஊஞ்சல், சறுக்குமரம், ஜிம் சோதனை – 50
வடிகால், சருகுக் குழி, மழைக்கு முன் வேலை – 80
காய்ந்த கிளை நீக்கம் – 30

கூட்டினால் 2,280 மணி. ஓர் ஆளின் 1,880-ஐ வைத்து வகுத்தால் 1.21 ஆள். இப்போது தண்ணீர் வரியை மட்டும் மாற்றுங்கள். புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளர், பாத்திக்குச் சொட்டுநீர் போட்டால் ஆளின் வேலை வால்வு திருப்புவதும் விடுபட்ட மூலைக்கு வாளியில் ஊற்றுவதும்தான். கோடையில் தினம் ஒரு மணி, மற்ற 100 நாள் அரை மணி, ஆண்டுக்கு 200 மணி. மொத்தம் 1,440 ஆகிறது, அதாவது 0.77 ஆள். ஒரே ஒரு குழாய் வேலை ஆண்டுக்கு 840 மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது. ஆள் கூட்ட வேண்டுமா என்று முடிவெடுக்கும் முன் குழாயைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் ஸ்பிரிங்க்ளர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் ஆறு மாதத்தில் பழைய நிலைதான். போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் இரும்பும் நாஸிலை அடைக்கும். தண்ணீரை வடிகட்டும் டிஸ்க் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். பந்து விளையாடும் பிள்ளைகளின் காலிலும் புல் வெட்டும் பிரஷ் கட்டரிலும் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் ஹெட் உடையும். எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் விழுந்து, தண்ணீர் வட்டமாகப் பரவாமல் காலடியிலேயே சொட்டும். பகுதி பகுதியாகத்தான் திறக்க வேண்டும். உடைந்த ஹெட்டை மாற்ற ஃபிட்டர் வர இரண்டு வாரம் ஆனால் தோட்டக்காரர் மறுபடி ஹோஸைத் தூக்குவார், மேலே போட்ட கணக்கு முழுதும் சரிந்துவிடும். இருபது பூங்காவுக்கு ஒரு ஃபிட்டர், அவர் பையில் பத்து உதிரி ஹெட், டெஃப்லான் டேப், நாலைந்து எல்போ. இது ஆடம்பரச் செலவு அல்ல.

ஆண்டு சராசரி மட்டும் பார்க்காதீர்கள். மே மாதத்தையும் நவம்பரையும் தனித்தனியே போடுங்கள். சென்னைப் பகுதியில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விழுகிறது. அப்போது தண்ணீர் வேலை பூஜ்யம், புல்லும் களையும் இரட்டிப்பு. மே மாதத்தில் நேர்மாறு. ஆள் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம், வேலைப் பங்கீடு ஒன்றாக இருக்க முடியாது.

நான்கு வழிகள்

நிலை ஆள். ஒரு பூங்காவுக்கு அதே ஆள், தினமும். இதன் பலம் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமானது. எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வேம்பின் கிளை காற்றில் ஆடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் குறையைச் சொல்ல ஒரு முகம் இருக்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். 1980-இல் தொடங்கிய அதன் பராமரிப்பு அறக்கட்டளை, 1996-இல் பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு தோட்டக்காரர் பொறுப்பில் விட்டது. அவ்வளவு பெரிய பூங்காவே "இது யாருடைய இடம்?" என்ற கேள்விக்கு ஒரு ஆளைக் காட்டும்படி பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பலவீனம் திறமை வேலையில். ஒற்றை ஆள் மரக்கிளை வெட்டக் கூடாது, அது உயிர் ஆபத்து. புல் வெட்டும் இயந்திரத்தைப் பூங்காவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் மாதம் சில மணி நேரம் ஓடி, மிச்ச நாள் ஷெட்டில் கார்புரேட்டர் அடைத்துக் கிடக்கும்.

சுற்றுக் குழு. மூன்று நாலு பேர், ஒரு லோடு ஆட்டோ, நல்ல இயந்திரங்கள். புல் வெட்டு, வேலிச்செடி, மரக்கிளை, எரு வைப்பது எல்லாம் இவர்கள் கையில் சுத்தமாக நடக்கும். இயந்திரம் தினமும் ஓடுவதால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் உருவாவார். டூ-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் கம்பெனி சொன்ன அளவு ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றிப் பிஸ்டன் பிடித்துப்போவது பெரும்பாலும் "யாரோ ஒருவர்" எடுத்து ஓட்டும் இடத்தில்தான் நடக்கிறது.

இதன் விலை பயணம். ஏற்றி இறக்க 15 நிமிடம், ஓட்டம் 20 நிமிடம் என்றால் மூவர் குழுவுக்கு ஓர் இடமாற்றத்தில் ஒன்றே முக்கால் ஆள்-மணி போகிறது. கால் ஏக்கர் பூங்காவைப் பெருக்க முக்கால் மணிதான் ஆகும். அதற்குக் குழுவை அனுப்புவது வீண். அன்றைய வேலை, பயணத்தில் கழியும் ஆள்-மணியைப்போல மூன்று மடங்காவது இருந்தால்தான் குழு போக வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு தீங்கும் உண்டு, மிக அருகில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். இளங்கன்றின் அடித்தண்டில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், பட்டை வளையமாக உரிந்திருக்கும். பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு சுற்றியடித்த காயம் அது. பட்டைக்கு அடியில்தான் இலை தயாரித்த உணவு வேருக்கு இறங்குகிறது. வளையம் முழுதாகச் சுற்றிவிட்டால் கன்று சில மாதம் பச்சையாகவே நின்று பிறகு காய்ந்துபோகும். தண்ணீர் போதவில்லை என்று காரணம் எழுதப்படும். அவசரத்தில் வந்து போகும் குழுவால் அதிகம் நடக்கும் சேதம் இது. ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் அரை மீட்டர் ஆரத்தில் புல் நீக்கிச் சருகு மூடாக்குப் போட்டால் நரம்பு அருகே போக வேண்டிய தேவையே இல்லை.

முழு ஒப்பந்தம். சென்னையில் பெரும்பாலான பூங்காக்கள் ஒப்பந்ததாரர்கள் வழியாகத்தான் பராமரிக்கப்படுகின்றன. ஒப்பந்தம் என்பதே தவறில்லை. எதற்குப் பணம் தருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இத்தனை ஆள் தருக" என்று கேட்டால் வருகைப் பதிவேட்டில் ஆள் வரும். "புல் உயரம் இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, காலை ஆறு மணிக்குள் நடைபாதை பெருக்கியிருக்க வேண்டும், உடைந்த ஊஞ்சலை அன்றே கட்டி மூடி ஏழு நாளில் சரிசெய்ய வேண்டும்" என்று கேட்டால் வேலை வரும். பின்னதற்கு அளந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளைப் பில் பாஸ் செய்யும் அதே பொறியாளராக வைக்காதீர்கள்.

குறைந்த விலைப்புள்ளியைத் திறந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. குறைந்தபட்ச ஊதியத்தின் மேல் வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகக் கட்டணமும் அதனோடு இணைந்த காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25, போனஸ் 8.33. கூட்டினால் 24.58 சதவீதம். அதன்மேல் மாற்று ஆளுக்கான 1.26. கருவி, எரிபொருள், லாபம் எதுவும் இல்லாமலே இதுதான் அடிமட்டம். இதற்குக் கீழே ஒருவர் விலை போட்டிருந்தால் அந்த வித்தியாசம் யாரோ ஒரு பெண் தொழிலாளியின் சம்பளத்திலிருந்துதான் வரப்போகிறது. அது அநியாயம் மட்டுமல்ல, நகராட்சிக்கே வரும் ஆபத்து. ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்ட கொள்கை.

தத்தெடுப்பு. ஒரு நிறுவனமோ அமைப்போ பூங்காப் பராமரிப்பைத் தானே ஏற்றுக்கொள்வது. மயிலாப்பூர் லஸ் பகுதியின் நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுந்தரம் ஃபைனான்ஸ் பல ஆண்டுகளாகப் பராமரித்துவருவது நல்ல எடுத்துக்காட்டு. நடைமுறையில் தத்தெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடங்களுக்கே வருகிறார்கள். நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே, பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டிடமே இல்லாத தெருவில் இருக்கும் பூங்காவைக் கேட்டு யாரும் வருவதில்லை. ஆகையால் தத்தெடுப்பை ஆள் கணக்கில் கழிக்காதீர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து அவர்கள் விலகினால் மறுநாளே அனுப்ப ஆள் இருக்க வேண்டும். அங்கே மிச்சமாகும் நேரத்தை யாரும் கேட்டு வராத பூங்காவுக்குத் திருப்புங்கள். உடன்படிக்கையில் நுழைவு எல்லோருக்கும் திறந்தே இருக்கும் என்றும், விளம்பரப் பலகையின் அளவு இவ்வளவுதான் என்றும் எழுதுங்கள்.

எண்ணில் வைத்துப் பார்த்தால்

கணக்குக்காக ஒரு நகராட்சி: ஒரு ஏக்கர் பூங்கா 8, கால் ஏக்கர் பூங்கா 12. எல்லாவற்றிலும் ஸ்பிரிங்க்ளர் உண்டு. பெரியதற்கு 1,440 மணி, சிறியதற்குச் சுமார் 475 மணி. பூங்காவுக்கு ஓர் ஆள் என்றால் 20 இடம், மாற்று ஆளோடு 25 பேர். அதிலும் மரம் வெட்ட ஆள் கிடையாது.

கலப்பு ஏற்பாட்டில் பெரிய பூங்கா எட்டுக்கும் ஆளுக்கு ஒன்று. சிறிய பூங்காக்களில் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் மூன்று மூன்றைச் சேர்த்து ஒருவர், அவருக்கு ஒரு சைக்கிள், ஆக நால்வர். இந்தப் பன்னிரண்டு இடத்துக்கு மாற்று ஆள் மூவர். புல், வேலிச்செடி, எரு, மரம் ஆகியவற்றுக்கு மூவர் குழு. ஒரு ஃபிட்டர். மொத்தம் 19. குழுவின் நேரடி வேலை 3,300 மணி, பயணம் ஏறக்குறைய 800 மணி. மூவரின் 5,600 மணியில் 1,500 மிச்சம். அந்த மிச்சத்தை யாரும் வெட்டிவிடக் கூடாது, புயலுக்கான கையிருப்பு அது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையைக் கடந்தபோது ஒரே நாளில் விழுந்த மரங்களை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் தேர்வு இந்தக் கலப்புதான். நிலை ஆட்களை முடிந்தவரை நகராட்சியே நேரடியாக வைத்துக்கொள்ளலாம், சுற்றுக் குழுவை ஒப்பந்தத்தில் விடலாம். இயந்திரத் தேய்மானமும் ஆள் பயிற்சியும் ஒப்பந்ததாரரின் பொறுப்பாகும், பூங்காவை அறிந்த ஆள் டெண்டர் மாறும்போதெல்லாம் மாற மாட்டார். ஐந்து ஏக்கருக்கு மேல் ஒரே பூங்கா இருந்தால் குழு அங்கேயே தங்கலாம், கலப்பு தேவையில்லை. சிறு பூங்காக்கள் நாலைந்து கிலோமீட்டர் தள்ளித் தள்ளிக் கிடந்தால் மூன்றுக்கு ஒருவர் என்பது நடக்காது. அங்கே புல்தரையைக் குறைத்து, நிழல் மரமும் சருகு மூடாக்கும் வைத்து வேலையையே சுருக்க வேண்டும்.

காவலாளி, கழிப்பறை, மின்சாரம்

காவலைத் தோட்டக்காரர் கணக்கோடு கலக்காதீர்கள். காலை 5 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும் பூங்காவுக்கு இரண்டு ஷிஃப்ட், மாற்று ஆளோடு இரண்டரை ஆள். தோட்ட வேலைக்கு ஆகும் ஆளைப்போல மூன்று மடங்கு. எல்லாப் பூங்காவுக்கும் இது கட்டுப்படியாகாது. பூட்டித் திறக்க மட்டும் ஒருவரை நாலு பூங்காவுக்குச் சுற்றவிட்டு, கூட்டமும் இருட்டும் உள்ள பெரிய பூங்காக்களில் முழுக் காவல் போடலாம். தோட்டக்காரரையே காலை நாலு மணி நேரம், மாலை நாலு மணி நேரம் என்று பிரித்துக் கூப்பிடுவது காகிதத்தில் சிக்கனம். தொலைவிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணுக்கு அது இரண்டு மடங்கு பஸ் பயணம், நடுவே போக்கிடம் இல்லாத ஆறு மணி நேரம்.

கழிப்பறை சுத்தம் தனி வேலை, தனி ஆள், தனிக் கையுறை. களைக்கொத்தி பிடிப்பவரை அதற்கு அனுப்பக் கூடாது.

மின்கம்பத்தின் அடியில் மூடி இல்லாத ஜங்ஷன் பாக்ஸ், உள்ளே டேப் சுற்றிய ஒயர். மழை பெய்து தண்ணீர் தேங்கினால் அங்கே விளையாடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும். செப்டம்பருக்குள் எல்லா மூடியையும் பூட்டி, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஊஞ்சலில் பார்க்க வேண்டியவை சங்கிலி தொங்கும் கொக்கியின் தேய்மானம், தூண் மண்ணுக்குள் இறங்கும் இடத்தின் துரு. பெயின்ட் அடித்திருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், சிறு சுத்தியலால் தட்டினால் துருப்பிடித்த இடம் மந்தமான ஒலி தரும். ஊஞ்சலின் கீழே 30 சென்டிமீட்டர் மணல் இருக்க வேண்டும். பிள்ளைகளின் கால் பட்டு நடுவில் பள்ளமாகிவிடும், வாரம் ஒருமுறை இழுத்து நிரவ வேண்டும்.

அளப்பது எப்படி

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் 2003-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய ஏற்பாட்டின்படி பூங்காக்களை ஒழுங்கான இடைவெளியில் மதிப்பிட்டு மதிப்பெண்ணை வெளியிடுகிறார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது கேள்வியின் வடிவம். "பூங்கா நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "நடைபாதையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தூக்கி நிற்கும் கல் இருக்கிறதா?" என்றால் ஆம் அல்லது இல்லை. முப்பது நாற்பது கேள்வி, ஒரு தாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு பூங்காவிலும் ஐந்து நிலையான இடங்களிலிருந்து புகைப்படம். நடக்க வரும் குடியிருப்போரில் ஒருவரும் கூட இருந்து நிரப்பட்டும். அவற்றில் ஒரு சுற்றை மே மாத நடுவிலும் இன்னொன்றை நவம்பர் கடைசியிலும் வையுங்கள். அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு தோட்டக்காரரோடும் ஒருவர் கடிகாரத்தோடு நின்று வேலை நேரத்தைக் குறிக்கட்டும். இது வேவு பார்ப்பதற்கு அல்ல என்று முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். குறித்த தாளை மாலையில் அவர்களிடமே காட்டி, விட்டுப்போன வேலை என்ன என்று கேளுங்கள். "மோட்டார் சுவிட்ச் கீழே தெருமுனையில் இருக்கிறது, தினம் நாலு தடவை போய்வருகிறேன்" என்பது போன்ற பதில்கள் அங்கேதான் வரும். அடுத்த நிதியாண்டு மதிப்பீட்டில் ஓர் ஆள் சம்பளம் சேர்ப்பதற்கு முன், அந்தச் சுவிட்சை இடம் மாற்ற ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை எழுதுங்கள்.